டிரம்ஸ் ஒலிப்பதிவும் காணிக்கைப் பணமும்

தியானப் பகுதி: லூக்கா 14:28-30



திருவனந்தபுரத்து ஆரியசாலையிலும் அதை ஒட்டிய சாலைக் கடைத்தெருவிலும் தமிழ் பேசும் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள். கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசிப் பக்கங்களிலிருந்து பிழைப்பைத் தேடி வந்து, கடைகளிலும் கிட்டங்கிகளிலும் வீடுகளிலும் உழைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவனைத் தொழுதுகொள்ளக் கூடிவரும் குடும்பங்கள் நமக்குள் அநேகம். அவர்களுடைய தாய் தகப்பன்மார் ஊரிலேயே இருக்கிறார்கள். முன்பெல்லாம் பாடல்களும் செய்திகளும் ஒலிநாடாவாக ஊருக்குப் போயின. இப்பொழுது வாட்ஸ்அப் வழியாக ஒரு நிமிடத்தில் போய்ச் சேருகின்றன. மகன் பாடும் பாடலை ஊரிலிருக்கும் தாய் கைப்பேசியில் கேட்டு, "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லுவது எத்தனை பெரிய காரியம்!

ஆனால் அந்தத் தாய்க்குப் பல வேளைகளில் கேட்பது என்ன? டிரம்ஸின் இரைச்சலும் சிம்பலின் கூச்சலும் மாத்திரமே. பாடலின் வார்த்தை அதற்குள் அமிழ்ந்துபோகிறது. இதைச் சரிசெய்ய விரும்பும் வாலிபத் தம்பிகள் போதகரிடம் வந்து, "ஐயா, டிரம்ஸுக்கென்றே ஏழு மைக்குகள் கொண்ட பெட்டி ஒன்று விற்கிறது, அதை வாங்கித் தாருங்கள்" என்று கேட்கிறார்கள். அவர்களுடைய வாஞ்சை நல்லது. அந்தப் பெட்டியை வாங்கும் பணமோ, சுமை தூக்கும் சகோதரனும் வீட்டு வேலை செய்யும் சகோதரியும் கொடுத்த காணிக்கை. ஆகவே இதை ஜெபத்தோடும், கணக்கோடும், சற்றே தொழில் அறிவோடும் ஆராய்வது நம் கடமை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மைப் போன்ற சபைகளில் பெரும்பாலானவற்றுக்கு டிரம்ஸ் ஒலிப்பதிவு செய்ய மூன்று மைக்குகள் போதும். ஏன் என்பதைக் கீழே விவரிக்கிறேன்.

வேதம் காட்டும் தாளக்காரர்கள்

டிரம்ஸ் ஆராதனைக்கு ஏற்றதா என்று விவாதிக்கும் சபைகள் இன்றும் உண்டு. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. 150ஆம் சங்கீதம் நரம்புக் கருவிகளோடும் குழலோடும் தம்புருவையும் கைத்தாளங்களையும் தேவனுடைய துதிக்கென்று பெயர் சொல்லிக் குறிக்கிறது. உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவந்த நாளில் ஏமான், ஆசாப், ஏத்தான் ஆகிய மூவருக்கும் கொடுக்கப்பட்ட கருவி பஞ்சலோகக் கைத்தாளம் (1 நாளா. 15:19). நம்முடைய டிரம்ஸில் தொங்கும் சிம்பலுக்கு அது மூத்த உறவு என்றே சொல்லலாம்.

அதே அதிகாரத்தின் 22ஆம் வசனத்தைக் கவனியுங்கள். கெனானியா சங்கீதத்தைக் கற்றுக்கொடுக்க நியமிக்கப்பட்டதற்குக் காரணம், அவன் அதில் தேர்ந்தவனாயிருந்தான் என்பதே. பக்தி இருக்கிறது, ஆகவே தேர்ச்சி வேண்டாம் என்று வேதம் சொல்லவில்லை. 1 கொரிந்தியர் 14:7-8இல் பவுல் அப்போஸ்தலன் இன்னொன்றைக் கற்பிக்கிறார்: கருவிகளின் ஓசை தெளிவாக வேறுபடாவிட்டால் வாசிக்கப்படுவது இன்னதென்று கேட்கிறவனுக்கு விளங்காது. ஒலிப்பதிவு செய்யும் ஒவ்வொரு தம்பியும் இந்தப் பகுதியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தெளிவே நம் நோக்கம். பலத்த சத்தம் அல்ல.

பெட்டியின் விலையும் அதற்குப் பின்வரும் விலையும்

கடைகளில் விற்கும் ஏழு மைக் பெட்டியில் பொதுவாக என்ன இருக்கும்? கிக் என்று நாம் சொல்லும் பேஸ் டிரம்முக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று, டாம்களுக்கு மூன்று, சிம்பல்களுக்கு மேலே தொங்கவிட இரண்டு. ஷூர் நிறுவனத்தின் பி.ஜி.ஏ. வரிசையில் வரும் ஏழு மைக் பெட்டி இப்படிப்பட்டதே. நான்கு, ஐந்து, ஆறு மைக்குகள் கொண்ட பெட்டிகளும் உண்டு. தனித்தனியாக வாங்குவதைவிடப் பெட்டியாக வாங்கும்போது விலை குறைவுதான். அதை மறுக்கவில்லை.

ஆனால் கோபுரத்தின் அஸ்திபாரத்தை மாத்திரம் எண்ணி, மேற்கட்டுமானத்தை எண்ணாதவனைப்பற்றி ஆண்டவர் எச்சரித்தாரே! ஏழு மைக்குகள் வந்தால் ஏழு கேபிள்கள் வேண்டும். டிரம்மின் விளிம்பில் மாட்டும் பிடிப்பான்களும், மேலே தொங்கும் இரண்டுக்கு உயரமான ஸ்டாண்டுகளும் வேண்டும். சில பெட்டிகளில் கேபிளும் பிடிப்பானும் கூடவே வரும், சிலவற்றில் வராது. பெட்டியின்மேல் எழுதியிருப்பதை வாசித்துப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. ஏழு மைக்குகளின் ஒலியையும் தனித்தனியாகக் கணினிக்குள் கொண்டுபோக, குறைந்தது எட்டு மைக் உள்வழிகள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் அல்லது யு.எஸ்.பி. வசதியுள்ள டிஜிட்டல் மிக்சர் தேவை. சபைகள் சாதாரணமாக வைத்திருக்கும் சிறிய இன்டர்ஃபேஸில் மைக் உள்வழிகள் இரண்டே. பழைய மிக்சரில் பன்னிரண்டு மைக்குகள் செருகலாம் என்றாலும், அதிலிருந்து கணினிக்குப் போவது பெரும்பாலும் இடது, வலது என்ற இரண்டு தடங்கள் மாத்திரமே. அப்படியானால் ஏழு மைக் வாங்கிய பயன் என்ன?

நேரத்தின் கணக்கையும் பாருங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் பதிவு செய்தால் ஒரு தடம் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 520 மெகாபைட் இடம் பிடிக்கும். ஏழு தடங்களுக்கு 3.6 ஜிகாபைட். இடமாவது பரவாயில்லை. ஏழு தடங்களையும் பாட்டுக்குப் பாட்டு சமன்செய்து, ஒன்றோடொன்று இசைத்துச் சேர்க்க உட்காரும் தம்பி யார்? காலையில் கடை திறந்து இரவில் அடைக்கும் வேலைக்காரனாகிய தம்பியல்லவா? அவனுடைய நேரமும் தேவன் கொடுத்த தாலந்துதான். அதையும் செலவுக் கணக்கில் எழுதுங்கள்.

உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது?

கடன்பட்ட விதவையிடம் எலிசா, அவள் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார் (2 இரா. 4:2). சபையிலும் முதலாவது அலமாரியைத் திறந்து பாருங்கள்.

பாடுகிறவர்கள் கையில் பிடிக்கும் மைக்குகளில் உலகமெங்கும் பெயர்பெற்றது ஷூர் எஸ்.எம். 58. அது 1966இல் வெளிவந்தது. ஸ்னேர் டிரம் பதிவுக்கு ஸ்டூடியோக்களில் நெடுங்காலமாக வைக்கப்பட்டுவரும் எஸ்.எம். 57 அதற்கு ஓராண்டு முந்தினது, அதாவது 1965. இவ்விரண்டுக்கும் உள்ளிருக்கும் ஒலி வாங்கும் பகுதி ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. முக்கிய வேறுபாடு மேலிருக்கும் வலைமூடியே. ஆகவே சபையில் உண்மையான எஸ்.எம். 58 ஒன்றிருந்தால் ஸ்னேருக்கென்று புதியது வாங்க அவசரப்பட வேண்டாம். வேறு நிறுவனத்தின் நல்ல டைனமிக் மைக் இருந்தாலும் முதலில் அதை வைத்துப் பதிவு செய்து கேளுங்கள். கேட்ட பிறகு குறை தெரிந்தால் வாங்கலாம்.

இரண்டு வகை மைக்குகள்

தம்பிகள் குழம்பாதிருக்க, வகைகளைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

டைனமிக் மைக்கில் காந்தத்தின் நடுவே ஒரு சிறு கம்பிச்சுருள் அசைந்து மின்சாரத்தை உண்டாக்கும். பலத்த அடியைத் தாங்கும். கீழே விழுந்தாலும் எளிதில் கெடாது. வெளியிலிருந்து மின்சாரம் வேண்டாம். கிக்குக்கும் ஸ்னேருக்கும் ஏற்றது. கிக்குக்கென்று செய்யப்படும் டைனமிக் மைக் ஆழ்ந்த ஒலியை நன்றாக வாங்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். ஏ.கே.ஜி. டி 112 இவ்வகையில் பெயர்பெற்றது, ஷூர் பி.ஜி.ஏ. 52, ஏ.கே.ஜி. பி 2 போன்றவை விலை குறைந்தவை.

கண்டென்சர் மைக்கில் மிக மெல்லிய தகடு ஒன்று அசையும். சிம்பலின் நுட்பமான ஒலியையும், முழு டிரம்ஸும் சேர்ந்து ஒலிப்பதையும் இது தெளிவாக வாங்கும். இதற்கு 48 வோல்ட் மின்சாரம் மிக்சரிலிருந்தோ இன்டர்ஃபேஸிலிருந்தோ போக வேண்டும். கடைக்காரர் அதை பாண்டம் பவர் என்பார். உங்கள் மிக்சரில் அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்குங்கள். பென்சில் போன்ற சிறிய கண்டென்சர்கள் ஜோடியாக விற்கப்படுகின்றன. பெஹ்ரிங்கர் சி-2 போன்ற ஜோடிகள் எளிய சபைகளின் கைக்கு எட்டும் விலையில் வருபவை. பெரிய ஸ்டூடியோவின் மைக்கோடு அவை நிகரல்ல என்பது உண்மை; ஆயினும் சரியான இடத்தில் வைத்த எளிய மைக், தவறான இடத்தில் வைத்த விலையுயர்ந்த மைக்கைவிட நல்ல பலன் தரும்.

இந்த ஜோடியில் இன்னொரு நன்மை உண்டு. டாம் டிரம்மில் மாட்டும் மைக் டாம் டிரம்முக்கு மாத்திரமே பெரும்பாலும் உதவும். இரண்டு கண்டென்சர்களோ பாடகர் குழுவுக்கும், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் பாடலுக்கும், தபேலாவுக்கும், டோலக்குக்கும் உதவும். ஒரே காணிக்கையில் பல ஊழியங்கள் நடக்கும்.

மூன்று மைக்குகளால் பதிவு செய்யும் முறை

இது புதிதாகக் கண்டுபிடித்த சிக்கன வழி அல்ல. லண்டன் நகரத்தின் கிளின் ஜான்ஸ் என்ற ஒலிப்பதிவாளர் 1960களின் பிற்பகுதியில் மூன்று நான்கு மைக்குகளை மாத்திரம் வைத்து டிரம்ஸைப் பதிவு செய்த முறை இன்றும் அவர் பெயராலேயே கற்பிக்கப்படுகிறது. அவர் பதிவு செய்தது உலகப்பிரகாரமான இசைக்குழுக்களை. ஆனால் தச்சுத் தொழிலின் அளவுகோல் யார் கையில் இருந்தாலும் அளவுகோல்தானே! அம்முறையை நம் சிறிய மண்டபத்துக்கு ஏற்றபடி சொல்லுகிறேன்.

ஒன்று: முதல் கண்டென்சரை ஸ்னேர் டிரம்முக்கு நேர் மேலே, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில், ஸ்னேரை நோக்கி வையுங்கள்.

இரண்டு: இரண்டாவது கண்டென்சரை வாசிக்கிறவரின் வலப்பக்கம், தரையில் நிற்கும் பெரிய டாமுக்கு அப்பால், அதன் விளிம்பைவிடச் சற்றே உயரத்தில், டாமுக்கு மேலாக ஸ்னேரையும் ஹை-ஹாட்டையும் பார்க்கும்படி வையுங்கள்.

மூன்று: ஒரு நூலை எடுங்கள். அதன் ஒரு முனையை ஸ்னேரின் நடுவில் பிடித்து, மறுமுனை முதல் மைக்கைத் தொடும் இடத்தில் முடிச்சுப் போடுங்கள். அதே முடிச்சு இரண்டாவது மைக்கையும் தொட வேண்டும். தொடாவிட்டால் மைக்கை நகர்த்துங்கள்.

நான்கு: கிக் மைக்கை பேஸ் டிரம்மின் முன்தோலில் உள்ள துவாரத்துக்குள் சற்று நுழைத்து வையுங்கள். துவாரம் இல்லாவிட்டால் முன்தோலுக்கு நான்கைந்து விரல்கடை தூரத்தில் வைக்கலாம்.

ஸ்னேர் இன்னும் முன்னால் கேட்க வேண்டுமென்றால், சபையில் இருக்கும் எஸ்.எம். 58ஐ அதன் விளிம்பருகே நான்காவதாகச் சேருங்கள். கண்டென்சர் ஜோடி வாங்க இப்போது பணமில்லாத சபை ஒரே ஒரு கண்டென்சரை மேலே வைத்து, கிக்குக்கு ஒரு டைனமிக் சேர்த்து இரண்டே மைக்குகளில் தொடங்கலாம். இரண்டு உள்வழிகள் கொண்ட சிறிய இன்டர்ஃபேஸே அதற்குப் போதும். மூன்று அல்லது நான்கு மைக்குகளுக்கு நான்கு மைக் உள்வழிகள் கொண்ட இன்டர்ஃபேஸ் வேண்டும். எட்டு உள்வழிக் கருவியைவிட அது எவ்வளவோ மலிவு.

நூல் எதற்கு என்று கேட்பீர்கள். ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 345 மீட்டர் ஓடுகிறது. அதாவது 34, 35 சென்டிமீட்டரைக் கடக்க விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகும். ஒரு மைக் மற்றதைவிட அவ்வளவு தூரம் தள்ளியிருந்தால், ஸ்னேரின் ஓசை அதில் அவ்வளவு பிந்தி விழும். இரண்டையும் சேர்க்கும்போது 500 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும். ஸ்னேர் தகரத்தைத் தட்டியது போலக் கேட்கும். ஏழு மைக்குகள் இருந்தால் இப்படி ஒன்றோடொன்று மோதும் வழிகளும் பெருகும். அநேக சபைகளில் பெட்டி வாங்கியும் ஓசை மெலிந்து கேட்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

பதிவு செய்தவுடன் ஒரு சோதனை செய்யுங்கள். இடது வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரு சாதாரணக் கைப்பேசியின் ஸ்பீக்கரில் கேளுங்கள். ஊரிலிருக்கும் தாய் கேட்கப்போவது அதில்தான். பேஸ் டிரம்மின் அடியொலி ஏறத்தாழ 50 முதல் 80 ஹெர்ட்ஸில் இருக்கிறது. கைப்பேசியின் சிறு ஸ்பீக்கர் அதை ஏறக்குறைய வெளியிடுவதே இல்லை. மிதிகட்டை தோலில் படும் "டக்" என்ற ஓசையே அங்கே கேட்கும். அது கேட்கிறதா, பாடலின் வார்த்தை அதற்கு மேலே நிற்கிறதா என்று பாருங்கள். கிக் மற்ற மைக்குகளோடு சேரும்போது மெலிந்தால், கணினியில் அதன் தடத்தைத் தலைகீழாக்கும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பல வேளைகளில் அதிலேயே சரியாகிவிடும். பதிவின் அளவு உச்சியைத் தொடாமல், அதிகபட்ச அடியும் கழித்தல் 10 டெசிபலுக்குள் நிற்கட்டும்.

மைக்குக்கு முன்னே தோலும் அறையும்

மைக் கேட்டதைச் சொல்லும் சாட்சி. டிரம்ஸின் தோல் தளர்ந்து, தேய்ந்து, மேடுபள்ளமாயிருந்தால் எந்த மைக்கும் அதை நல்லதாக மாற்றாது. ஆகவே பணத்தில் முதற்பங்கு ஸ்னேருக்கும் கிக்குக்கும் புதிய தோல் வாங்கப் போகட்டும். மிதிகட்டையின் கிறீச்சென்ற ஓசைக்கு ஒரு துளி எண்ணெய் போதும். தோலைச் சுற்றிலும் ஒரே சீராக இறுக்கக் கற்றுக்கொள்வதற்குச் செலவே இல்லை.

அடுத்தது அறை. கடைத்தெருக்களில் நமக்குக் கிடைக்கும் மண்டபங்கள் பெரும்பாலும் நீண்டு ஒடுங்கியவை. சிமெண்டுச் சுவரும் டைல்ஸ் தரையுமாக இருப்பவை. அங்கே கை தட்டினால் ஓசை சுவருக்குச் சுவர் ஓடித் திரும்பும். டிரம்ஸின் கீழே கனத்த ஜமுக்காளத்தை விரியுங்கள். பவானி ஜமுக்காளம் இரண்டு மடிப்பாக இருந்தால் இன்னும் நல்லது. வாசிக்கிறவருக்குப் பின்னால் உள்ள சுவரில் பஞ்சு மெத்தையைச் சாய்த்து வையுங்கள். பக்கங்களில் கயிற்றில் போர்வைகளைத் தொங்கவிடுங்கள். பதிவு முடிந்ததும் எல்லாம் வீட்டுக்குத் திரும்பிவிடும். சபைக்குச் செலவு ஒன்றுமில்லை.

கேரளத்தின் மழையையும் நினைவில் வையுங்கள். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் திருவனந்தபுரத்தில் பெய்கின்றன. ஈரம் கண்டென்சர் மைக்குக்குச் சத்துரு. பயன்படுத்திய பின் துடைத்து, காற்றுப்புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். தகரக் கூரையுள்ள மண்டபத்தில் மழை நாளில் பதிவுக்கு உட்காராதிருங்கள்.

அயலானின் நித்திரை

இனிச் சொல்வது மைக்கைக் காட்டிலும் பெரிய காரியம். சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் இருந்த சர்ச் ஆஃப் காட் (ஃபுல் காஸ்பல்) சபைக்கும், அருகிலிருந்த கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கத்துக்கும் இடையே வழக்கு உண்டானது. சபையில் ஒலிபெருக்கியோடு டிரம்ஸும் கிட்டாரும் இசைக்கப்பட்டதே வழக்கின் பொருள். அது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2000 ஆகஸ்ட் 30 அன்று நீதிமன்றம் சபையின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. பிறருடைய சமாதானத்தைக் குலைத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் கட்டளையிடவில்லை என்பதும், முதியோர், பலவீனர், மாணவர், உறங்கும் குழந்தைகள் ஆகியோரைத் தொந்தரவு செய்ய மதத்தின் பெயரால் உரிமை இல்லை என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்பைத் துன்பமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. நானோ அதை, அயலானை நேசிக்கும்படி நாம் பெற்ற கற்பனையின் நினைப்பூட்டுதலாகவே பார்க்கிறேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் எல்லை. வணிகப் பகுதியில் 65, 55. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. ஒலிப்பதிவுக்கு அமைதி வேண்டும். கடைத்தெருவோ இரவில்தான் அமைதியாகிறது. இரவிலோ அயலான் உறங்குகிறான். இதுவே நம் சிக்கல்.

இதற்கு வழி உண்டு. மைக்குக்குப் பலத்த அடி தேவையில்லை, ஒழுங்கான அடி போதும். மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ராட்ஸ் கிடைக்கிறது. அதனால் வாசித்தால் ஓசை வெகுவாகக் குறையும், மைக்கின் அளவைச் சற்றுக் கூட்டினால் பதிவு நிறைவாகவே இருக்கும். சிம்பல் அடங்கும், பாடகரின் மைக்குக்குள் டிரம்ஸ் பாய்வதும் குறையும். பகல் வேளையில், சன்னல்களை அடைத்து, அக்கம்பக்கத்தாருக்கு முன்னமே சொல்லிவிட்டுப் பதிவு செய்யுங்கள். அதுவும் கூடாத இடத்தில் மின்னணுத் தாளக் கருவியே தக்கது. ஆக்டோபேட் போன்ற பேட்களுக்கு மைக்கே வேண்டாம். ஒரு கேபிளால் நேரே மிக்சரில் சேர்த்துவிடலாம். அப்படிப்பட்ட கருவி சபையில் ஏற்கெனவே இருக்குமானால், டிரம்ஸ் மைக் வாங்குவது அவசியந்தானா என்றும் கேட்டுப் பாருங்கள்.

டிரம்ஸ் வாசிக்கும் தம்பியின் காதையும் மறவாதிருங்கள். அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனம் 85 டெசிபல் ஓசையில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்தைப் பாதுகாப்பான எல்லையாகச் சொல்லுகிறது. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் எஞ்சுவது பதினைந்து நிமிடமே. மூடிய அறையில் டிரம்ஸ் அந்த அளவை எளிதில் எட்டும். மைக் வாங்கும் நாளிலேயே ஒரு ஜோடிக் காதடைப்பானும் வாங்கிக் கொடுங்கள். இழந்த செவியைக் கடையில் வாங்க முடியாது.

கடையில் நிற்கும்போது

பெயர்பெற்ற மைக்குகளுக்குப் போலிகள் அதிகம், எஸ்.எம். 57, 58 ஆகியவற்றுக்கு மிக அதிகம். விலை நம்பமுடியாத அளவுக்குக் குறைவாயிருந்தால் நம்பாதிருங்கள். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம், வரியோடு கூடிய பில்லும் உத்தரவாதச் சீட்டும் கேட்டு வாங்குங்கள். பழைய மைக் வாங்கினால் கடையிலேயே கேபிள் மாட்டி, கையால் மெல்லத் தட்டி, கரகரப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். கேபிளில் மாத்திரம் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான கேபிளின் முனை அறுந்து நின்றுபோன பதிவுகள் அநேகம்.

வாங்கும் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளலாம்: முதலில் தோலும் காதடைப்பானும்; பிறகு கிக் மைக்கும் ஒரு கண்டென்சரும்; பிறகு கண்டென்சருக்கு ஜோடி, நான்கு வழி இன்டர்ஃபேஸ். ஜோடியாகவே விற்கும் கண்டென்சரானால் இரண்டும் முதலிலேயே வந்துவிடும். ஒவ்வொரு படிக்கும் பின் ஓரிரு மாதம் பதிவு செய்து பழகுங்கள்.

அப்படியானால் ஏழு மைக் பெட்டி யாருக்கும் வேண்டாமா? அப்படியல்ல. வாரந்தோறும் நேரடி ஒளிபரப்பு செய்யும் பெரிய சபைக்கு, எட்டுக்கு மேல் உள்வழிகள் கொண்ட மிக்சரும், அதை இயக்கப் பழகிய இரண்டு மூன்று பேரும், ஓசை அடங்கிய அறையும் இருக்குமானால் அது பயனுள்ளதே. இவை மூன்றும் இல்லாத சபையில் அந்தப் பெட்டி அலமாரியில் ஈரம் பிடிக்கும்.

எல்லாருக்கும் முன்பாக யோக்கியமாய்

எருசலேம் பரிசுத்தவான்களுக்கான தர்ம சகாயத்தைக் கொண்டுபோனபோது பவுல் அப்போஸ்தலன் ஒருவரும் குறைகூறாதபடி, கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் ஒழுங்காய் நடந்துகொண்டார் (2 கொரி. 8:20-21). மைக் வாங்கிய பில்லைச் சபை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வாங்கும் முன்னே கணக்கைச் சபைக்குச் சொல்லுங்கள். வாங்கிய பின் முதல் பதிவை எல்லாரும் கேட்கப் போட்டுக்காட்டுங்கள். தான் கொடுத்த நூறு ரூபாய் என்னவாயிற்று என்று அறிந்த தாயார் அடுத்த முறை மகிழ்ச்சியோடு கொடுப்பார்.

ஆம், பிரியமானவர்களே! எக்காளம் ஊதினவர்களும் பாடினவர்களும் ஒருவரைப்போல ஒலித்தபோதுதான் ஆலயம் மகிமையால் நிறைந்தது (2 நாளா. 5:13-14). டிரம்ஸ் தனியே பெரிதாகக் கேட்பது நம் வெற்றி அல்ல. தாளம் பாட்டைத் தாங்கி நிற்க, இரட்சகருடைய நாமம் தெளிவாகக் கேட்க வேண்டும். அதற்கு மூன்று மைக், ஒரு நூல், ஒரு ஜமுக்காளம், பொறுமையுள்ள ஒரு தம்பி போதும்.

நம் சபைகளின் வாலிபர்களைக் கர்த்தர் ஞானத்தாலும் தேர்ச்சியாலும் நிரப்புவாராக. அவர்கள் கையின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.